லாக்கை யார் திறப்பது?

1

போன ஜனவரியில் ஓர் எக்செல் ஷீட் போட்டேன். பர்மிங்காமில் இருக்கும் கல்லூரி நண்பனும் அவன் மனைவியும், இங்கிருந்து நானும் என் மனைவியும் சேர்ந்து இங்கிலாந்தின் கால்வாய்களில் ஒரு வாரம் படகில் போவது என்று பேச்சு. நாலு வருஷமாக ஓடிய பேச்சு. இந்த முறை லீவு, விசா எல்லாம் ஓரளவு கூடி வந்ததால் நான் வேலையைக் கையில் எடுத்தேன். எனக்குத் திட்டம் போடப் பிடிக்கும். சில சமயம் ஊருக்குப் போவதைவிடவும் அதுதான் பிடிக்கும்.

படகு என்றதும் ஆலப்புழை ஹவுஸ்போட்டை நினைத்துவிட வேண்டாம். இது நேரோபோட். அகலம் ஏழடிக்குள், நீளம் எழுபதடி வரை போகும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் நடப்பவர் நம்மை முந்திப் போவார். வழியில் மேடு வந்தால் படகு ஏற வேண்டும், பள்ளம் வந்தால் இறங்க வேண்டும். அதற்குத்தான் லாக். இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு கல்தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலான லாக்குகளில் ஊழியர் யாரும் கிடையாது. நாமேதான் கரையில் இறங்கி, எல் வடிவ இரும்புப் பிடியைப் போட்டு மதகைச் சுற்றி, முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ள வேண்டும்.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி லாக் நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ எழுதியது தோழர்களோடு இந்தக் கால்வாயில் தோணியேறிப் போன அனுபவத்தில்தான். இன்று அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் நான் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன், பெரும்பாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு. அங்கே இன்னும் படகு போகும் கால்வாய்கள் எப்படித் தப்பின என்ற கேள்விதான் முதலில் என்னை இந்தப் புத்தகங்கள் பக்கம் தள்ளியது.

ஷீட்டுக்கு வருகிறேன். கால்வாய்ப் பயணிகள் தலைமுறைகளாகப் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு லாக்கை ஒரு மைலாகக் கணக்கு வை. மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகு. வருவது மணி நேரம். நான் தேர்ந்தெடுத்தது ‘ஃபோர் கவுன்டீஸ் ரிங்’ என்ற வட்டப் பாதை. 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, மூன்றால் வகுத்தால் 68 மணி நேரம். வாடகைப் படகு முதல் நாள் மதியம்தான் கைக்கு வரும், கடைசி நாள் காலையில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆக தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல். முடியும் என்றுதான் ஷீட் சொன்னது. நண்பனுக்கு அனுப்பினேன். “மச்சி, இது லீவா, ரிலீஸா?” என்று கேட்டான்.

என் மனைவி கேட்டது வேறு. நாள், தொடக்கம், முடிவு, மைல், லாக் எண்ணிக்கை, மணி என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி போட்டிருந்தேன்: ‘சுக்கான்’, ‘லாக் வேலை’. சுக்கானுக்கு நேரே என் பெயரும் நண்பன் பெயரும். லாக் வேலைக்கு நேரே அவர்கள் இருவர் பெயர். முதல் நாளுக்கு அப்படி அடித்துவிட்டு, மற்ற நாட்களுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தேன்.

“94 லாக்கும் நாங்க தொறக்கணும். நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று ராத்திரி அந்த ஷீட்டைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அதைப் போட்ட வாரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது எல்.டி.சி. ரோல்ட் எழுதிய ‘நேரோ போட்’. கால்வாய் இலக்கியத்தில் எல்லோரும் முதலில் கைகாட்டும் புத்தகம். நானும் அதை மயங்கி மயங்கித்தான் படித்தேன். சுக்கானைப் பிடித்தபடி மெதுவாக நகரும் நிலக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனின் கண் அதில் இருக்கிறது. என் ஷீட்டைப் போட்டதும் அந்தக் கண்தான்.

2

ரோல்ட் (1910–1974) எழுத்தாளர் ஆவதற்கு முன் மெக்கானிகல் என்ஜினியர். ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் ரயில் என்ஜின் செய்யும் தொழிற்சாலையில் தொழில் பழகியவர். பின்னாளில் புருனெல், டெல்ஃபோர்ட், ஸ்டீவன்சன்கள் என்று பொறியாளர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். 1939 ஜூலையில், இருபத்தொன்பது வயதில், மனைவி ஏஞ்சலாவோடு பான்பரியிலிருந்து ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் கிளம்பினார். சில வாரங்களில் உலகப் போர் வெடித்தது. அந்தப் பயணத்தின் கதைதான் 1944இல் வெளிவந்த ‘நேரோ போட்’.

ஒரு என்ஜினியராக எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி பயணம் தொடங்குவதற்கு முன்னால் வருவதுதான். சரக்குப் படகை வீடாக மாற்றும் பகுதி. எந்த இடத்தில் அடுப்பு, எந்த இடத்தில் படுக்கை, குளியல் தொட்டியை எங்கே பொருத்துவது என்று ஏழடி அகலத்துக்குள் ஒரு வாழ்க்கையை அடுக்குகிறார். அளவெடுத்து வாழ்பவர்களின் மகிழ்ச்சி அது. பான்பரியில் டூலி குடும்பத்தாரின் பட்டறையில் வேலை நடக்கிறது. மரமும் தாரும் தெரிந்த கைகளை ரோல்ட் எழுதும் விதம், வேலை தெரிந்தவன் வேலை தெரிந்தவனைப் பார்க்கும் விதம்.

பிறகு படகு கிளம்புகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய், லெஸ்டர் பக்கம், ட்ரென்ட் ஆறு, மட்பாண்ட ஊர்கள், செஷயர். எங்கும் அவசரம் இல்லை. ஒரு பாலம், ஒரு மதுக்கடை, எதிரே குதிரை இழுத்து வரும் ஒரு படகு, அதன் கதவில் வரைந்த ரோஜாவும் கோட்டையும். அழிந்துகொண்டிருக்கும் ஓர் உலகத்தை அது அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

இந்தப் புத்தகம் யாருடைய கைக்குப் போனது என்பதையும் யோசிக்க வேண்டும். 1944 இங்கிலாந்து. ரேஷன், இருட்டடிப்பு, குண்டு. அந்த வாசகர்களுக்கு மணிக்கு மூன்று மைல் வேகத்தில் போகும் ஒரு புத்தகம் எவ்வளவு பெரிய மூச்சாக இருந்திருக்கும்! அதைப் படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஐக்மன். விசித்திரக் கதைகள் எழுதியவர் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் ரோல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். 1945இல் டார்டிபிக் என்ற இடத்தில் கட்டியிருந்த கிரெஸ்ஸியில் இருவரும் சந்தித்தார்கள். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. கைவிடப்பட்டு மண்மேடாகப் போயிருக்க வேண்டிய பல கால்வாய்கள் இன்று தண்ணீரோடு இருப்பதற்கு அந்தச் சங்கம் நடத்திய போராட்டங்கள் முக்கியமான காரணம். ஒரு பயண நூல் ஒரு நாட்டின் வரைபடத்தையே கொஞ்சம் மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. நம் கால்வாய்க்கு இப்படி ஒரு புத்தகம் வாய்க்கவில்லையே என்ற பொறாமை எனக்கு உண்டு. ஆகவே கீழே சொல்லப்போவதை நன்றிகெட்ட வாசகனின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3

கிரெஸ்ஸி எந்த வகைப் படகு தெரியுமா? ஷ்ராப்ஷயர் யூனியன் கம்பெனிக்காகக் கட்டிய ‘ஃப்ளை-போட்’. ஃப்ளை-போட் என்றால் கால்வாயின் எக்ஸ்பிரஸ். நேர அட்டவணைப்படி ராத்திரி பகல் நிற்காமல் ஓடும். குதிரையை மாற்றிக்கொண்டே போவார்கள். ஆட்கள் முறைவைத்துத் தூங்குவார்கள். மற்ற படகுகள் வழிவிட வேண்டும். அதாவது, அவசரமின்மையின் வேதப்புத்தகம் எழுதப்பட்ட அந்தப் படகு, அவசரத்துக்காகவே கட்டப்பட்ட வகையைச் சேர்ந்தது.

ரோல்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. தன் படகின் பூர்வீகத்தை அவரே சொல்கிறார். ஆனால் அந்தத் தகவல் புத்தகத்தின் மனநிலையைத் தொந்தரவு செய்வதில்லை. என் குறை இங்கேதான் தொடங்குகிறது. அவர் புத்தகத்தில் மெதுவு என்பது கால்வாயின் இயல்பாகவே வருகிறது, மழை ஈரமாக இருப்பதுபோல. ஆனால் கால்வாய் மெதுவாக இருக்க யாரும் ஆசைப்பட்டதில்லை. அதைத் தோண்டிய காலத்தில் அதுதான் புதுத் தொழில்நுட்பம். நிலக்கரியும் களிமண்ணும் பீங்கானும் சீக்கிரமும் மலிவாகவும் போக வேண்டும் என்பதற்காகத் தோண்டியது. ட்ரென்ட்-மெர்சி கால்வாய்க்குப் பின்னால் வெட்ஜ்வுட் போன்ற பீங்கான் முதலாளிகள் நின்றார்கள்.

ஏழடி அகலம் எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் எடுத்த முடிவு. ஹேர்காஸில் குன்றுக்கு அடியில் ஒன்றரை மைலுக்கு மேல் சுரங்கம் குடைய வேண்டியிருந்தது. அகலமாகக் குடைந்தால் செலவு எகிறும். லாக்குகளையும் ஒடுக்கமாகவே கட்டினார்கள். பிரிண்ட்லி 1772இல் இறந்துபோனார். சுரங்கம் 1777இல் திறந்தது. அதில் குதிரை நடக்கப் பாதை கிடையாது. ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, சுவரில் காலை ஊன்றி ஊன்றி, இருட்டுக்குள் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் துறையில் இப்படி நடக்கும்: எவனோ ஒருவன் அன்றைய பட்ஜெட்டுக்காக எடுத்த முடிவு, பத்து வருடம் கழித்துச் சேரும் ஜூனியர் பையனின் ராத்திரித் தூக்கத்தைப் பறிக்கும். பிரிண்ட்லியின் முடிவு அதைவிட நீளமாகப் போனது. ரயில் வந்து கூலி குறைந்ததும், கரையில் வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் குடும்பத்தோடு படகிலேயே வாழத் தொடங்கினார்கள். பத்தடிக்கு ஏழடி அறை. அதற்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளைகள். ரோஜாவும் கோட்டையும் வரைந்த கதவு அந்த அறையின் கதவுதான்.

ரோல்ட் இந்த மக்களை மதிக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கயிறு வீசும் கையை, படகை லாக்குக்குள் உரசாமல் நுழைக்கும் லாகவத்தை, பித்தளைப் பளபளப்பை எல்லாம் பார்க்கிறார். ஆனால் லாகவமாகவே பார்க்கிறார். அந்த லாகவத்துக்குப் பின்னால் ஓடும் கடிகாரம் புத்தகத்தில் ஓரமாகத்தான் கேட்கிறது. படகுக் குடும்பங்களுக்குக் கூலி சரக்குக்கு. மாதச் சம்பளம் கிடையாது. சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நாளும், பனியில் கால்வாய் உறைந்து நிற்கும் நாளும் வயிற்றில் அடிக்கும் நாட்கள்தான். ரோல்ட் ஒரு வளைவில் நின்று மாலை வெளிச்சத்தைப் பார்க்கும் நேரத்தில், அவரைக் கடந்துபோகும் படகு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏஞ்சலாவும் அப்படித்தான். புத்தகத்தில் அவர் இருக்கிறார். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் எங்கும் இருக்கிறார். ஆனால் அந்தப் பயணம் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பது நமக்குக் கிடைப்பதில்லை. ‘நாங்கள் லாக்கைக் கடந்தோம்’ என்ற வகை வாக்கியத்தில் ஒருவர் சுக்கானில் இருப்பார், ஒருவர் கரையில் கதவைத் தள்ளிக்கொண்டிருப்பார். தன்மைப் பன்மை அந்த வித்தியாசத்தை அழகாக விழுங்கிவிடுகிறது. பயண நூல் என்ற வகைமைக்கே உள்ள வசதி இது. என் ஷீட்டில் அந்த வசதிகூட இல்லை. பெயர் போட்டுவிட்டேன், மாட்டிக்கொண்டேன். 1951இல் ஏஞ்சலா படகையும் கணவரையும் விட்டு ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு போனார். அதை வைத்துப் புத்தகத்தைத் தண்டிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் தெரிந்த பிறகு அந்த ‘நாங்கள்’ முன்போல வாசிக்க விடுவதில்லை.

4

இந்த இடத்தில்தான் எமா ஸ்மித் வருகிறார். இந்தக் கட்டுரையில் உங்களிடம் ஒரே ஒரு புத்தகத்தைத் திணிக்க வேண்டுமென்றால் அது அவருடைய ‘மெய்டன்ஸ் ட்ரிப்’ (1948).

போரில் ஆண்கள் போய்விட்டதால் சரக்குப் படகு ஓட்ட ஆளில்லை. படகே தெரியாத இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இறக்கினார்கள். 1943இல் எமா சேர்ந்தபோது வயது இருபதுகூட ஆகியிருக்குமா என்ற அளவு. உள்நாட்டு நீர்வழிப் பணியாளர் என்பதற்கான ஐ.டபிள்யூ. என்ற இரண்டு எழுத்து அவர்கள் சட்டையில் இருக்கும். அதை வைத்து ‘ஐடில் விமன்’, சோம்பேறிப் பெண்கள், என்று யாரோ கேலிப்பெயர் வைத்தார்கள். மூன்று பெண்களுக்கு இரண்டு படகு: முன்னால் என்ஜின் உள்ள மோட்டார், பின்னால் அது இழுத்துப்போகும் என்ஜின் இல்லாத ‘பட்டி’. இரண்டிலுமாகச் சேர்ந்து ஐம்பது டன். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு எஃகு, திரும்பும்போது கவென்ட்ரிப் பக்கத்திலிருந்து நிலக்கரி.

அந்த கிராண்ட் யூனியன் பாதை 137 மைல், 166 லாக். நம் சூத்திரத்தில் போட்டால் போகும்போது மட்டும் 101 மணி நேரம். இதில் ஏற்றுவது, இறக்குவது, காத்திருப்பது, மழை, கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வது எதுவும் சேராது. ஒரு சுற்று முடிய மூன்று வாரம் வாக்கில் ஆகும்.

எமாவின் உரைநடையில் லாக் ஒரு காட்சி அல்ல, வேலை. ஒருத்தி சைக்கிளில் முன்னால் ஓட வேண்டும், அடுத்த லாக்கைத் தயார் செய்ய. படகோட்டிகளின் பேச்சில் ‘நல்ல ரோடு’ என்று ஒரு வழக்கு உண்டு. எதிரிலிருந்து வந்த படகு லாக்கை நமக்குத் தோதான மட்டத்தில் விட்டுப் போயிருந்தால் அது நல்ல ரோடு. நமக்கு முன்னால் நம் திசையிலேயே ஒருவன் போயிருந்தால் போச்சு, ஒவ்வொரு லாக்கையும் காலி செய்தோ நிரப்பியோதான் நுழைய வேண்டும். என் ஷீட்டில் எல்லா லாக்குக்கும் இருபது நிமிடம். யார் நமக்கு முன்னால் போனார்கள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

பசி, சேறு, ஈரத்துணி, ஒருத்தி மேல் ஒருத்திக்கு வரும் எரிச்சல், எதற்கென்றே தெரியாத சிரிப்பு. இவைதான் புத்தகம். போர் எங்கோ தூரத்தில் நடக்கிறது. வயது கிட்டத்தில் நிற்கிறது. இன்னொன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. எமா பல பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கியிருக்கிறார், உடன் வரும் ஆட்களையும் கற்பனையாகப் புனைந்திருக்கிறார். அதை அவரே முன்னால் சொல்லிவிடுகிறார். ரோல்ட் நடந்ததை எழுதினார், எமா நடந்ததைக் குழைத்து எழுதினார். ஆனாலும் வேலையின் எடை எமாவிடம்தான் சரியாக இருக்கிறது. நேர்மை என்பது சம்பவத்தின் உண்மையில் மட்டும் இருப்பதில்லை போல. யார் முதுகு எங்கே வலித்தது என்று தெரிந்து எழுதுவதும் அதில் சேரும்.

படகுக் குடும்பங்களை அவர் பார்க்கும் கோணமும் வேறு. ரோல்ட்டுக்கு அவர்கள் ஒரு மரபின் கடைசி ஆட்கள். எமாவுக்கு அவர்கள் வேலையில் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள், லாக்கில் தன்னை முந்திக்கொண்டு போகிறவர்கள், தன் தடுமாற்றத்தால் நேரம் இழக்கிறவர்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிற்காத படகில் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது? அவர்களுடைய வரைபடம் நினைவில் இருந்தது. நான் கையேடுகளையும் இணையத்தையும் வைத்து மூன்று வாரம் மெனக்கெட்ட ஷீட்டை, பத்து வயதுப் படகுக்காரப் பிள்ளை வாயாலேயே சொல்லிவிடும்.

5

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் ஒருவர் நடந்து போயிருக்கிறார். அவர் சோனியா. போர்க்காலத்தில் எமாவைப் போலவே படகுக்கு வந்த பெண். வேலை முடிந்ததும் கரையேறிவிடவில்லை. ஜார்ஜ் ஸ்மித் என்ற படகோட்டியை மணந்து படகிலேயே வாழ்ந்தார். படகுக் குடும்பங்களின் நிலைமைக்காக வாதாடினார். பிறகு வாழ்க்கை திரும்பியது. ரோல்ட்டை மணந்துகொண்டு சோனியா ரோல்ட் ஆனார்.

ரோல்ட் இறந்து இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, 1997இல், ‘எ கெனால் பீப்பிள்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். கவென்ட்ரிக்கு அருகே ஹாக்ஸ்பரியில் படகுகள் கூடி நிற்கும் இடத்தில் ராபர்ட் லாங்டன் எடுத்த புகைப்படங்களும் சோனியாவின் எழுத்தும் சேர்ந்தது. படத்தில் இருப்பவர்கள் போஸ் கொடுக்கும் மரபின் பிரதிநிதிகள் அல்ல. சரக்குக்கான உத்தரவு வரும்வரை காத்திருக்கும் குடும்பங்கள். துணி காய்கிறது. பாட்டி ஒருத்தி கேமராவைச் சந்தேகமாகப் பார்க்கிறாள். ரோல்ட் புத்தகத்தில் கடந்துபோகும் படகுகள் இங்கே நிற்கின்றன, ஆட்களோடு.

மூன்று புத்தகங்களையும் வரிசையாகப் படித்தபோது, ஒரே லாக்கை மூன்று இடத்திலிருந்து பார்த்ததுபோல இருந்தது. ரோல்ட் சுக்கானிலிருந்து, எமா மதகுப் பிடியைச் சுற்றும் இடத்திலிருந்து, சோனியா காத்திருக்கும் வரிசையிலிருந்து.

ரோல்ட்டுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. அவருக்கும் ஐக்மனுக்கும் பிற்பாடு முட்டிக்கொண்டது. எல்லாக் கால்வாயையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றார் ஐக்மன். வேலை செய்யும் படகுகளும் அந்த மக்களும் பிழைக்கும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது ரோல்ட்டின் பக்கம். 1951இல் தான் சேர்ந்து உருவாக்கிய சங்கத்திலிருந்தே ரோல்ட் விலக்கப்பட்டார். ஆக புத்தகத்தில் ஓரமாக நின்ற கேள்வியை வாழ்க்கையில் அவர் நடுவில் கொண்டுவந்திருக்கிறார். அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தன. மிச்சமிருந்த சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று. லண்டனில் ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன நீண்டதூர ஓட்டம் 1970இல் நின்றது. கால்வாய் பிழைத்தது. அதில் பிழைத்தவர்கள் கரையேறிவிட்டார்கள்.

இன்று அந்த நீரில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான படகுகள். பெரும்பாலும் எங்களைப் போன்ற விடுமுறைக் கூட்டம், ஓய்வுபெற்றவர்கள். கூடவே இன்னொரு கூட்டமும். லண்டனில் வீட்டு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் படகில் வாழும் இளைஞர்கள். நிலையான கட்டுமிடம் இல்லாத படகு ஓர் இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். எனவே வேலைக்குப் போகும் தூரத்தையும், பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டை நகர்த்துகிறார்கள். அவர்களும் பயணத் திட்டம் போடுகிறார்கள். வாடகைக்குப் பயந்து படகேறிய நூற்றாண்டுக்கு முந்தைய குடும்பத்துக்கும் இவர்களுக்கும் நடுவில்தான் என் வட்டப்பாதை சுற்றுகிறது.

‘மெதுவான வாழ்க்கை’ என்று இப்போது எல்லாப் பக்கமும் ஒரு குரல் கேட்கிறது. ரீல்ஸில் வருகிறது, சுயமுன்னேற்றப் புத்தகத்தில் வருகிறது, நம் இலக்கியக் கட்டுரைகளிலும் வருகிறது. நானே எழுதியிருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்கும்போது கேட்டுக்கொள்ள எனக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. என் மனைவி கேட்ட அதே கேள்விதான்.

6

ஷீட்டைத் திருத்தினேன். இல்லை, திருத்தினோம். வட்டப்பாதை போயிற்று. நான்ட்விச்சிலிருந்து மார்க்கெட் ட்ரேட்டன் வரை, திரும்பி அதே வழி. போகவர சுமார் 24 மைல், 44 லாக், சூத்திரப்படி 23 மணி நேரம். அதில் ஆட்லெம் என்ற ஊரில் மட்டும் அடுத்தடுத்து 15 லாக்.

நேரோபோட்டில் நினைத்த இடத்தில் திரும்பிவிட முடியாது. படகின் நீளம் கால்வாயின் அகலத்தைவிடப் பல மடங்கு. அதற்கென்று கரையை வெட்டி அகலப்படுத்திய இடங்கள் உண்டு. அங்கேதான் மூக்கைக் கரையில் குத்தி வாலைச் சுற்ற வேண்டும். அதைத் தாண்டி விட்டுவிட்டால் அடுத்தது வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். திரும்பும் இடம் எது என்பதை நால்வரும் போனில் பேசி முடிவு செய்தோம். நண்பனுக்கு வருத்தம். “போன வழியிலேயே திரும்பி வர்றதுக்கா மச்சி இவ்ளோ பிளான்?”

“திரும்பி வரும்போது நான் ஓட்டறேன். உங்களுக்கு வேற வழி மாதிரிதான் இருக்கும்” என்றாள் என் மனைவி.

இப்போது சுக்கானுக்கும் லாக் வேலைக்கும் நேரே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. ஆட்லெம் 15இல் எனக்கு எட்டு. யூடியூபில் ஒருவர் கதவைத் தள்ளுவதைப் பார்த்தேன். முதுகைக் கதவில் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகும்வரை பொறுத்துத் தள்ள வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு தள்ளினாலும் கதவு அசையாது. கடைசியில் ‘காத்திருப்பு’ என்று ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். அதில் எண் எதுவும் போடவில்லை.

பையில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எமா ஸ்மித்தை எடுத்துப் போகிறேன். ரோல்ட்டைத் திரும்பி வந்து, முதுகுவலியோடு, மறுபடி படிப்பதாக இருக்கிறேன்.